ரீசெட் கொடுத்தால் "மீட்புச் சூழலைக் கண்டறிய முடியவில்லை" என்கிறது: என்ன செய்வது?

#1 · மழைத்துளி · இரவு 10:42

நண்பர்களே, வணக்கம். இரண்டு நாளாக இந்த லேப்டாப்போடு போராடிக்கொண்டிருக்கிறேன். விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 11 ப்ரோ. ஆறு மாதத்துக்கு முன் உள்ளே இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். புதிதாக விண்டோஸ் நிறுவவில்லை, பழைய டிஸ்க்கில் இருந்ததைப் புதியதற்கு நகலெடுத்து க்ளோன் செய்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன வாரம் மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்து, ஒரு அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஸ்டார்ட் மெனு திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, சில நேரம் திறப்பதே இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது.

சரி, ரீசெட் செய்துவிடலாம் என்று செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரெக்கவரி போய் "ரீசெட் திஸ் பிசி" கொடுத்தேன். உடனே "மீட்புச் சூழலைக் கண்டறிய முடியவில்லை, நிறுவல் வட்டையோ மீட்பு வட்டையோ செருகவும்" என்று ஆங்கிலத்தில் வந்து நின்றுவிட்டது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன், மீட்புத் தெரிவுகள் காட்டும் நீலத்திரை வரவில்லை, வழக்கம்போல விண்டோஸே வந்தது. இந்த மாடலுக்கு எஃப்11 அழுத்தினால் ரெக்கவரி வரும் என்று கையேட்டில் இருக்கிறது. அதுவும் வரவில்லை.

ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்கள் இதில்தான் இருக்கின்றன. கடைசி நகல் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. பயமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

#2 · கருவேலம் · இரவு 10:55

பென் டிரைவில் விண்டோஸ் ஏற்றி புதுசா போட்டுடுங்க. அரை மணி நேர வேலை. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

#3 · தேன்கூடு · இரவு 11:20

கருவேலம் சொல்வது கடைசி வழி. முதல் வழி அல்ல. ஆய்வேடு உள்ளே இருக்கும்போது யாரையும் அதற்குள் தள்ளிவிடக் கூடாது.

மழைத்துளி, இப்போதைக்கு விண்டோஸ் திறக்கிறது அல்லவா? அப்படியானால் வேறு எதையும் தொடாமல் ஆய்வேட்டை வெளிப்புற டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். எக்ஸ்ப்ளோரர் மூடிக்கொண்டால் டாஸ்க் மேனேஜரில் புதிய டாஸ்க்காக கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ரோபோகாப்பி கட்டளையால் எடுக்கலாம். அது முடிந்தது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும் சொல்வேன்.

#4 · மழைத்துளி · நள்ளிரவு 12:35

முடிந்தது அண்ணா. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து வெளிப்புற டிஸ்க்காக வைத்திருந்தேன், அதில் எடுத்துவிட்டேன். இன்னொரு நகல் பென் டிரைவில். மூன்று அத்தியாயத்தையும் வேறு கணினியில் திறந்தும் பார்த்துவிட்டேன்.

#5 · தேன்கூடு · காலை 7:10

திறந்து பார்த்தது மிக நல்லது. நகலெடுத்தவர்களில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். "ரெக்கவரி" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடக்கின்றன. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஃப்11 அழுத்தி வருவது லேப்டாப் தயாரித்த நிறுவனம் வைத்துக் கொடுத்த ஃபேக்டரி ரெக்கவரி. அது டிஸ்க்கில் தனிப் பார்ட்டிஷனாக, அதாவது தனியாகப் பிரித்த பகுதியாக, வாங்கிய நாளில் இருந்த விண்டோஸைச் சுருட்டி வைத்திருக்கும். நீங்கள் டிஸ்க்கையே மாற்றிவிட்டீர்கள். அந்தப் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. இனி எஃப்11-ஐ எத்தனை முறை அழுத்தினாலும் அது அழைக்கப் போகும் இடத்தில் ஆள் இல்லை.

இரண்டாவது சிஸ்டம் ரீஸ்டோர். முன்பு எடுத்து வைத்த ரீஸ்டோர் பாயின்ட்டுக்கு சிஸ்டம் ஃபைல்களையும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியையும் திருப்புவது. பாயின்ட் இருந்தால்தான் உண்டு. சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்து கிடந்தால் எதுவும் இருக்காது.

உங்களுக்குக் கோளாறு மூன்றாவதில். விண்டோஸ் ரெக்கவரி என்விரான்மென்ட், சுருக்கமாக வின்ஆர்ஈ. இது ஒரு குட்டி விண்டோஸ். வின்ஆர்ஈ.விம் என்ற ஒரே கோப்புக்குள் முழுவதும் அடங்கியிருக்கும். ரீசெட் கொடுத்தாலும், ஷிஃப்ட் பிடித்து ரீஸ்டார்ட் கொடுத்தாலும், அடுத்தடுத்து பூட் தோற்றாலும் கணினி இதைத்தான் தேடும். அது எங்கே இருக்கிறது என்ற முகவரி விண்டோஸிடம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கோப்பு காணாமல் போனாலும், முகவரி தப்பாக இருந்தாலும் நீங்கள் பார்த்த அதே செய்திதான் வரும்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ரீஏஜென்ட்சி /இன்ஃபோ என்று அடியுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்வதானால் ஆர், இ, ஏ, ஜி, இ, என், டி, சி. இடைவெளி விட்டு சாய்கோடு, பிறகு இன்ஃபோ. வந்ததை அப்படியே இங்கே போடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் என்னென்ன பார்ட்டிஷன் தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

#6 · மழைத்துளி · காலை 8:02

ஸ்டேட்டஸ்: டிஸேபிள்ட். லொகேஷன்: காலி. அதற்குக் கீழே ஒரு ஐடி, எல்லாமே சுழியம்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டுதான் தெரிகிறது. பூட் ஆக உதவும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதற்குப் பின் சி டிரைவ். வேறு எதுவும் இல்லை. க்ளோன் செய்யும்போது "தேவையானதை மட்டும் தேர்ந்தெடுக்கவும்" என்று கேட்டது. பெயரில்லாத சின்னச் சின்னப் பார்ட்டிஷன்கள் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதுதான் காரணமா?

ரீஏஜென்ட்சி /எனேபிள் என்றும் அடித்துப் பார்த்தேன். இமேஜ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

#7 · தேன்கூடு · காலை 8:30

அதுதான் காரணம். அந்தப் பெயரில்லாத பார்ட்டிஷன்களில் ஒன்றுதான் வின்ஆர்ஈயின் வீடு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிறுவும்போது வின்ஆர்ஈ.விம் முதலில் சி டிரைவில் விண்டோஸ் > சிஸ்டம்32 > ரெக்கவரி என்ற போல்டரில்தான் இருக்கும். எனேபிள் ஆனதும் விண்டோஸ் அதை அங்கிருந்து எடுத்து ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு நகர்த்திவிடும். நகலெடுப்பதில்லை. அதனால் பார்ட்டிஷனை விட்டுவிட்டு சி டிரைவை மட்டும் க்ளோன் செய்தால் கோப்பு இரண்டு இடத்திலும் இருக்காது. ரீஏஜென்ட்சி /டிஸேபிள் கொடுத்தால் அது மறுபடி சி டிரைவுக்குத் திரும்பி வரும். க்ளோன் செய்வதற்கு முன் டிஸேபிள், முடிந்த பிறகு எனேபிள் என்று இரண்டு கட்டளை கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு வந்திருக்காது. இதை எந்த க்ளோன் மென்பொருளும் திரையில் சொல்வதில்லை, அதனால் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதற்கும் அந்த போல்டரை ஒருமுறை பாருங்கள். கோப்பு மறைவாக இருக்கும், டிர் /ஏ என்று கொடுத்தால்தான் தெரியும்.

#8 · மழைத்துளி · காலை 8:41

ரீஏஜென்ட்.எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கிறது. விம் கோப்பு இல்லை.

#9 · அலைவரிசை · காலை 9:15

அக்கா, வின்ஆர்ஈ.விம் கோப்பை மட்டும் தனியா டவுன்லோட் பண்ண நிறைய தளம் இருக்கு. தேடினா உடனே கிடைக்கும். அதை அந்த போல்டர்ல போட்டு எனேபிள் கொடுங்க.

#10 · தேன்கூடு · காலை 9:22

தம்பி, தயவுசெய்து வேண்டாம். வின்ஆர்ஈ என்பது உங்கள் டிஸ்க் முழுவதையும் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் உரிமை உள்ள ஒரு சிஸ்டம். முன்பின் தெரியாத தளத்திலிருந்து எடுத்த கோப்பை அந்த இடத்தில் வைப்பது, வீட்டுச் சாவியை வழியில் போகிறவர் கையில் கொடுப்பது போல. மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்குள்ளேயே அதே கோப்பு இருக்கும்போது எதற்கு இந்த ஆபத்து?

#11 · அலைவரிசை · காலை 9:30

நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை அண்ணா. ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் என்பது தெரியாது. எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

#12 · தேன்கூடு · காலை 10:05

மழைத்துளி, முதலில் வின்வெர் என்று அடித்து உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 23எச்2, 24எச்2 என்பது போல வரும். அதே பதிப்பின் ஐஎஸ்ஓவை எடுப்பதுதான் சரி. பதிப்பு மாறினால் வின்ஆர்ஈ திறந்துவிடும், ஆனால் ரீசெட் பாதி வழியில் தகராறு செய்யக்கூடும்.

ஐஎஸ்ஓவை இரண்டு முறை க்ளிக் செய்தால் ஒரு டிரைவாகத் திறக்கும். அதில் சோர்சஸ் போல்டரில் விண்டோஸைச் சுருட்டி வைத்த இன்ஸ்டால்.விம் அல்லது இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். நேரடியாக இறக்கிய ஐஎஸ்ஓ என்றால் பெரும்பாலும் விம், மீடியா கிரியேஷன் டூல் மூலம் உருவாக்கியது என்றால் இஎஸ்டி. டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளை விம்மை நேரடியாக மவுன்ட் செய்யும் (போல்டர் போலத் திறந்து காட்டும்), இஎஸ்டியைச் செய்யாது, அதை முதலில் விம்மாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அதைவிடச் சுலபம், 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் திறப்பது. உள்ளே 1, 2, 3 என்று எண் போட்ட போல்டர்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஹோம், ப்ரோ போன்ற ஒரு வகை. ப்ரோவுக்கான எண்ணைத் திறந்து விண்டோஸ் > சிஸ்டம்32 > ரெக்கவரி வரை போங்கள். வின்ஆர்ஈ.விம் அங்கே உட்கார்ந்திருக்கும். சில நூறு எம்பி இருக்கும்.

அதை உங்கள் சி டிரைவில் அதே பெயருள்ள போல்டரில் போடுங்கள். அங்கே இருக்கும் ரீஏஜென்ட்.எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கின் முகவரி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். பிறகு எனேபிள் கொடுத்துப் பாருங்கள்.

#13 · பனையோலை · காலை 11:48

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எஃப்11 பற்றிப் பேசியதால் ஒரு தகவல். ஃபேக்டரி ரெக்கவரிக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே விசை இல்லை. ஹெச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட் + எஃப்10, ஆசஸில் எஃப்9. லெனோவா மாடல்கள் பலவற்றில் நோவோ என்ற சின்னப் பொத்தான், சிலதில் ஊசி நுழையும் அளவுக்குத் துளையாக இருக்கும். டெல்லில் எஃப்12 மெனுவுக்குள். பழைய டிஸ்க்கிலேயே இருப்பவர்கள் அதை அழுத்துவதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். ஃபேக்டரி நிலைக்குத் திருப்புவது பொதுவாக சி டிரைவை முழுதாகத் துடைத்துவிடும், வாங்கிய நாளின் பழைய பதிப்புதான் திரும்ப வரும்.

#14 · மழைத்துளி · மதியம் 1:26

ஐஎஸ்ஓ இறக்கி, 7-ஜிப்பில் கோப்பை எடுத்து, சரியான இடத்தில் போட்டுவிட்டேன். எக்ஸ்எம்எல் பெயரையும் மாற்றினேன். ஆனால் எனேபிள் கொடுத்தால் இப்போது வேறு செய்தி: பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம்) உள்ள வால்யூமில் விண்டோஸ் ஆர்ஈயை எனேபிள் செய்ய முடியாது என்கிறது. இரண்டு மாதம் முன்பு ஒரு பயணத்துக்காக நானே பிட்லாக்கர் போட்டேன். அதை நீக்கிவிடட்டுமா?

#15 · கருவேலம் · மதியம் 1:40

நீக்கிட்டு எனேபிள் பண்ணுங்க, வேலை முடிஞ்சிடும்.

#16 · தேன்கூடு · மதியம் 2:15

நீக்கினால் வேலை நடக்கும், கருவேலம் சொல்வது தவறில்லை. ரெக்கவரி பார்ட்டிஷன் இல்லாதபோது விண்டோஸ் வின்ஆர்ஈயை சி டிரைவிலேயே வைக்கப் பார்க்கும். சி பூட்டியிருந்தால், பூட்டிய வீட்டுக்குள்ளேயே மாற்றுச் சாவியை வைப்பது போல் ஆகிவிடும் என்பதால் மறுக்கிறது. இன்று நீக்கி எனேபிள் செய்தால், நாளை மறுபடி பிட்லாக்கர் போடும்போது இதே சிக்கல் காத்திருக்கும். பயணம் போகிறவர், ஆய்வேடு வைத்திருப்பவர். என்க்ரிப்ஷன் இருப்பதே நல்லது. அதனால் வின்ஆர்ஈக்கு ஒரு தனி வீடு கட்டிக் கொடுத்துவிடுவோம்.

அதற்கு முன் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா? 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் கோப்பாக வைத்துக்கொண்டு "இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். பிறகு பிட்லாக்கரை சஸ்பெண்ட் மட்டும் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்துங்கள், டர்ன் ஆஃப் வேண்டாம்.

இனி அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்க்பார்ட், பார்ட்டிஷன்களைக் கையாளும் கருவி. லிஸ்ட் டிஸ்க் கொடுத்து எஸ்எஸ்டி எது என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள். வெளிப்புற டிஸ்க்கையும் பென் டிரைவையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். டிஸ்க்பார்ட் "உறுதியாகச் செய்யட்டுமா?" என்று கேட்காது. தவறான டிஸ்க் என்றாலும் சொன்னதைச் செய்துவிடும்.

செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன், பிறகு சி டிரைவின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு அநேகமாக 3 வரும், டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டாத 16 எம்பி பார்ட்டிஷன் ஒன்று இடையில் இருக்கும். அடுத்து ஷ்ரிங்க் டிசையர்ட்=1024. சி-யின் வாலில் ஒரு ஜிபி காலியாகும். அந்த இடத்தில் கிரியேட் பார்ட்டிஷன் ப்ரைமரி, அதோடு ஐடி. ஜிபிடி என்ற முறையில் பிரித்த டிஸ்க்கில் ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு என்றே ஒரு ஐடி உண்டு. அதைச் சரியாகக் கொடுத்தால்தான் விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும்:

டிஇ94பிபிஏ4-06டி1-4டி40-ஏ16ஏ-பிஎஃப்டி50179டி6ஏசி

பிறகு ஃபார்மேட் க்விக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ். கடைசியாக ஜிபிடி அட்ரிப்யூட்ஸ்=0எக்ஸ்8000000000000001. எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பதினான்கு சுழியம், எண்ணி அடியுங்கள். பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து ஒட்டாமலும், யாரும் தெரியாமல் அழிக்காமலும் இருக்க இது. எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து மறுபடி எனேபிள்.

#17 · பனையோலை · மாலை 4:02

ஒரு ஜிபி அதிகமில்லையா? என் பழைய கணினியில் 450 எம்பிதான் இருக்கிறது.

#18 · தேன்கூடு · மாலை 4:20

அந்த 450 எம்பிதான் பலருக்குத் தலைவலியானது. 2024 ஜனவரியில் வின்ஆர்ஈயையே புதுப்பிக்கும் ஒரு அப்டேட் வந்தது, விண்டோஸ் 10-க்கு கேபி5034441. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இருந்தால்தான் அது ஏறும். இடம் இல்லாதவர்களுக்கு 0எக்ஸ்80070643 என்ற பிழை எண் திரும்பத் திரும்ப வந்தது. வின்ஆர்ஈ அப்டேட்டுக்கு அப்டேட் பெருத்துக்கொண்டே போகிறது. 500 ஜிபியில் ஒரு ஜிபி போவது பெரிய இழப்பில்லை.

இன்னொன்று, பார்ட்டிஷன் சி-க்குப் பின்னால் இருப்பது முக்கியம். அப்போதுதான் பிற்பாடு இடம் போதாமல் போனால் சி-யைக் கொஞ்சம் சுருக்கி இதைப் பெரிதாக்க முடியும். பழைய அமைப்பில் முன்னால் வைத்திருப்பார்கள், அங்கே கை வைக்க வழியில்லை.

#19 · மழைத்துளி · இரவு 7:48

வந்துவிட்டது!! "ஆபரேஷன் சக்ஸஸ்ஃபுல்." இன்ஃபோ கொடுத்தால் ஸ்டேட்டஸ் எனேபிள்ட், லொகேஷனில் ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்4. ஷிஃப்ட் பிடித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன், அந்த நீலத்திரையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அண்ணா.

ரீசெட்டும் கொடுத்தேன். கீப் மை ஃபைல்ஸ், லோக்கல் ரீஇன்ஸ்டால். 30 சதவீதத்துக்கு மேல் போய், "ரீசெட் செய்வதில் சிக்கல், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்று திரும்பிவிட்டது.

#20 · அலைவரிசை · இரவு 8:05

க்ளவுட் டவுன்லோட் கொடுத்துப் பாருங்க அக்கா. எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

#21 · தேன்கூடு · இரவு 8:25

தம்பி சொல்வதுதான் சரி. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லோக்கல் ரீஇன்ஸ்டாலுக்கு என்று தனியாக ஒரு சுத்தமான பிரதி டிஸ்க்கில் கிடையாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சிஸ்டம் கோப்புகளையே, குறிப்பாக வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டரில் இருப்பதை, எடுத்துப் புதியதைக் கட்டுகிறது. உங்கள் அப்டேட் பாதியில் நின்று சேதமானது அந்தக் கிடங்குதான். கெட்டுப்போன மாவில் மறுபடி சுட்டால் அதே தோசைதான் வரும். க்ளவுட் டவுன்லோட் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து புதிதாக இறக்கும். 4 ஜிபிக்கு மேல் ஆகலாம். சார்ஜரைக் கட்டாயம் செருகி வையுங்கள்.

கீப் மை ஃபைல்ஸ் என்றாலும் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எவை போயின என்ற பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிடும்.

#22 · பனையோலை · இரவு 9:10

இதே நிலையில் வேறு யாராவது இருந்தால்: நீலத்திரை வந்தும் உள்ளே டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். புதிய இன்டெல் லேப்டாப்களில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்பக வசதி இயங்கினால், வின்ஆர்ஈயிடம் அதற்கான ட்ரைவர் இல்லாதபோது எஸ்எஸ்டி கண்ணில் படாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். ட்ரைவரை பென் டிரைவில் கொண்டுவந்து ட்ரிவ்லோட் கட்டளையால் ஏற்றினால் தெரியும். உள்ளே டிரைவ் எழுத்துகளும் மாறி வரலாம், நம் சி அங்கே டி ஆக இருக்கும். கட்டளை கொடுக்குமுன் டிர் போட்டுப் பாருங்கள்.

#23 · மழைத்துளி · மறுநாள் காலை 6:50

க்ளவுட் டவுன்லோடில் ரீசெட் முழுதாக முடிந்தது. ஸ்டார்ட் மெனு தொட்டதும் திறக்கிறது. அத்தியாயங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. போன மென்பொருள் பதினேழு, பட்டியல் டெஸ்க்டாப்பில் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வேன். ரீசெட்டுக்குப் பிறகும் இன்ஃபோ கொடுத்துப் பார்த்தேன், எனேபிள்ட். பிட்லாக்கரையும் திரும்பச் சரிபார்த்துவிட்டேன், கீ காகிதத்தில்.

தேன்கூடு அண்ணா, பனையோலை, அலைவரிசை, கருவேலம், எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் இரவு தூக்கமே இல்லை. நேற்று தூங்கினேன்.

#24 · தேன்கூடு · காலை 7:30

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஒரே ஒரு வேலை பாக்கி. 16 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றில் ரெக்கவரி டிரைவ் உருவாக்கி, காகிதத்தில் எழுதிய கீயோடு சேர்த்து வைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியே போய்விட்டால் பார்ட்டிஷன்4-ம் கூடவே போய்விடும். பென் டிரைவில் இருப்பதை அது அழித்துவிடும், அத்தியாயங்களின் நகல் இருப்பதில் செய்துவிடாதீர்கள்.

#25 · கருவேலம் · காலை 9:44

இந்த இழையைப் படிச்சிட்டு என் கணினியிலும் இன்ஃபோ கொடுத்துப் பார்த்தேன். டிஸேபிள்ட்னு வருது. நான் எதையும் க்ளோன் பண்ணலை. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 529 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன் சி-க்கு முன்னாடி இருக்கு.

#26 · தேன்கூடு · காலை 9:58

பிட்லாக்கர் இருக்கிறதா? சிஸ்டம்32 > ரெக்கவரியில் விம் கோப்பு இருக்கிறதா? டிர் /ஏ போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் எனேபிள் எதுவும் கொடுக்க வேண்டாம், முக்கியமான கோப்புகளுக்கு நகல் இருக்கிறதா என்பதை முதலில் எழுதுங்கள்.